இருபத்துமூன்று கட்டங்களில் அம்மா

1

வாயைச் சாதாரணமாக வைத்திருங்கள் என்று அந்தப் பெண் மூன்றாவது தடவையும் சொன்னாள். கடவுச்சீட்டுப் புதுப்பிக்கப் போயிருந்தேன். இங்கே நோர்வேயில் அதற்குப் பொலிஸ் நிலையத்துக்குத்தான் போகவேண்டும். படத்தையும் ஒரு பெட்டிக்குள் நிற்கவைத்து அவர்களே எடுப்பார்கள். சிரிக்கக் கூடாது, பல் தெரியக் கூடாது, உதட்டை இறுக்கவும் கூடாது. முப்பது வருஷமாக இந்த ஊர் முதியோர் இல்லத்தில் கிழவர் கிழவிகளுக்குச் சாப்பாடு தீத்தி, வாயைத் திறவுங்கோ, மூடுங்கோ என்று சொல்லிச் சொல்லியே காலத்தைப் போக்கியவள் நான். எனக்கு ஒரு சின்னப் பெண் வாய் வைக்கப் பழக்குகிறாள். ஆனால் அன்றைக்கு என் வாய் சொல்வழி கேட்கவில்லைதான். அதற்குக் காரணம் அன்று காலையில் அண்ணை அனுப்பிய குரல் செய்தி.

"சரோஜா, கண்காட்சிக்கு நாள் வைச்சாச்சு. அம்மான்ர படத்தில உன்ர கட்டம் மட்டும்தான் மிச்சம். நீ சொல்லாட்டில் அதை வெறுமையா விட்டுத்தான் மாட்டுவன்."

அண்ணை அம்மாவின் முகத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துப் படம் கீறுகிறார், அதில் என்னுடைய கட்டம் அம்மாவின் வாய். அதைச் சொல்லு சொல்லு என்று அண்ணை இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நானும் இரண்டு வருஷமாக வேலை, குளிர், காய்ச்சல், மகளின் பரீட்சை என்று சாட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன். நான்காவது தடவையில் பெட்டி என் முகத்தை ஏற்றுக்கொண்டது. அந்தப் படத்தில் நான் களவு செய்து பிடிபட்டவள் மாதிரி இருக்கிறேன்.

2

என் அண்ணை மாரிமுத்துவைக் கிளிநொச்சிப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியாமல் இராது. பெயர் தெரியாவிட்டாலும் கை தெரியும். ஸ்கந்தபுரத்திலிருந்து பரந்தன் சந்தி வரைக்கும் ஒரு காலத்தில் கடைப் பெயர்ப்பலகை, உழவு இயந்திரப் பெட்டியின் பின்பலகை, கோயில் திரைச்சீலை எல்லாம் அவருடைய கைதான். படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. படம் கீறுவதற்கென்று யாரிடமும் போய்ப் படித்ததில்லை. இன்றைக்கு அவரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள், என் மகள் வாசித்து எனக்கு விளங்கப்படுத்துகிறாள். எனக்குப் பெருமை தலைக்கு மேலே நிற்கிறது. அதை ஏன் மறைக்கவேண்டும்?

நாங்கள் மலைநாட்டிலிருந்து வந்தவர்கள். நான் கைக்குழந்தையாக இருந்தபோது அம்மாவும் அப்பாவும் தேயிலைத் தோட்டத்தை விட்டு ஸ்கந்தபுரத்துக்கு வந்து, காடு வெட்டிக் கொட்டில் போட்டார்கள். வீட்டுக்குள் ஒரு தமிழ், படலைக்கு வெளியே இன்னொரு தமிழ். வீட்டுக்குள் 'அண்ணே', வெளியே 'அண்ணை'. நான் வெளியே உள்ளதை வெகு சீக்கிரம் பிடித்துக்கொண்டேன். அம்மா கடைசிவரைக்கும் பிடிக்கவில்லை, பிடிக்கவேண்டும் என்று நினைக்கவும் இல்லை.

போர்டு எழுதுவதோடு அண்ணைக்கு எப்போதும் வருகிற இன்னொரு வேலை, செத்தவர்களின் படம். எங்கள் பக்கத்தில் முப்பத்தோராம் நாளுக்கு மாலை போடப் பெரிய படம் ஒன்று வேண்டும். வீட்டுக்காரர் அடையாள அட்டைப் படத்தைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அண்ணை அதன்மேல் சின்னச் சின்னக் கட்டங்கள் போடுவார். பலகையில் அதே கணக்கில் பெரிய கட்டங்கள் போடுவார். பிறகு ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துக் கீறி, கடைசியில் கோடுகளை அழித்துவிடுவார். ஆள் அப்படியே எழும்பி வந்த மாதிரி இருக்கும்.

போர் முடிந்து சனங்கள் ஊர் திரும்பிய காலத்தில் மல்லாவியிலிருந்து ஒரு பெண் வந்தாராம். புருஷனின் படம் வேண்டும். ஆனால் கையில் படம் எதுவும் இல்லை. ஓடிய ஓட்டத்தில் எல்லாம் போய்விட்டது. நான் சொல்லுகிறேன், நீங்கள் கீறுங்கோ என்றாராம். காதையும் நெற்றியையும் சொன்னார். மூக்கு வந்ததும் திணறிப்போய், அதை அவருடைய தம்பியிடம் கேளுங்கோ என்றார். அண்ணை பலகையில் கட்டங்களைப் போட்டுக்கொண்டு சைக்கிளில் வீடு வீடாகப் போனார். தம்பி மூக்கைச் சொன்னார். கூடப் படித்தவர் ஒருவர் கண்ணைச் சொன்னார். யார் எப்படிச் சொன்னார்களோ அப்படியே அந்தந்தக் கட்டத்துக்குள் கீறினார். ஒரு கண் சிறுவனின் கண், மற்றது களைத்துப்போன மனிதனின் கண். மூக்கு ஒரு கட்டத்தில் முடிகிற இடமும் அடுத்த கட்டத்தில் தொடங்குகிற இடமும் பொருந்தவில்லை. அண்ணை எதையும் இழுத்துப் பொருத்தவில்லை. கோடுகளையும் அழிக்கவில்லை. கட்டத்தின் மூலையில் சின்ன எழுத்தில், 'மனைவி சொன்ன காது', 'தம்பி சொன்ன மூக்கு' என்று எழுதினார். யாருக்கும் ஞாபகம் இல்லாத இடத்தை வெறுமையாக விட்டார்.

அந்தப் பெண் ஏசப்போகிறார் என்று பயந்துகொண்டுதான் பலகையைத் திருப்பிக் காட்டினாராம். அவர் கனநேரம் பார்த்துவிட்டு ஒரு கட்டத்தின்மேல் விரலை வைத்து, "இது அவற்ர காதேதான்" என்று மட்டும் சொல்லிப் படத்தை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.

அதற்குப் பிறகு அண்ணை கீறியதெல்லாம் இப்படித்தான். நகரத்து ஆட்கள் இதைப் பரிசோதனை ஓவியம், பிற்கால உருவப்படங்கள் என்கிறார்கள். அண்ணை கட்டப்படம் என்கிறார். படம் இல்லாத ஆளை வேறு எப்படிக் கீறுவது என்று திருப்பிக் கேட்கிறார்.

3

அம்மாவின் படம் ஒன்று என்னிடம் இருந்தது. இருபத்தொரு வயதில் நான் நாட்டை விட்டு வெளிக்கிட்டபோது, அம்மா தன்னுடைய அடையாள அட்டைக்கு எடுத்த படத்தின் பிரதி ஒன்றை என் சட்டைக்குள் வைத்துத் தைத்துவிட்டார். வழியில் ஒரு விமான நிலையத்துக் கழிவறைக்குள் வைத்து, என்னைக் கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் எல்லாக் கடதாசிகளையும் கிழித்துத் தண்ணீரில் விடச் சொன்னான். இன்னார் என்று காட்டுகிற எதுவும் இருக்கக் கூடாதாம். நான் தையலைப் பிரித்தேன். அம்மா நாலு துண்டாகப் போனார்.

இங்கே அகதி விசாரணையில் அம்மாவின் பிறந்த திகதி கேட்டார்கள். தோட்டத்து லயத்து அறையில் பிறந்த பெண்ணுக்குத் திகதி எங்கே இருக்கிறது? வருஷத்தைக் குத்துமதிப்பாகச் சொன்னேன். அந்த அதிகாரி ஜனவரி முதலாம் திகதி என்று தானாகவே எழுதிக்கொண்டார். நோர்வே அரசாங்கத்தின் கணக்கில் அம்மா புதுவருஷத்தன்று பிறந்தவர். போரின் கடைசி மாதங்களில் அம்மா காய்ச்சலில் இறந்துபோன செய்தி எனக்கு வந்துசேர ஐந்து கிழமை எடுத்தது. இறந்த திகதியையும் யாரும் சரியாகச் சொல்லவில்லை.

அண்ணை மற்ற எல்லாருக்கும் கீறி முடித்த பிறகுதான் அம்மாவுக்குப் பலகை எடுத்தார். இருபத்துநாலு கட்டம். மிளகாய்த் தோட்டத்தில் அம்மாவோடு வேலை செய்த பாக்கியம் அக்கா இரண்டு பக்கமும் மூக்குத்தி போட்ட மூக்கைச் சொன்னார். கடைக்காரர் ஒருவர் இழுபட்ட காதைச் சொன்னார். நெற்றியில் குத்தியிருந்த பச்சையை அப்பா சாகமுதல் சொல்லிவைத்திருந்தார். எனக்கென்று வாயை ஒதுக்கிவிட்டு அண்ணை காத்திருந்தார். ஞாபகம் இல்லை என்று நான் சொன்னது பச்சைப் பொய். எனக்கு அம்மாவில் மற்றதெல்லாம் மங்கிப்போய், அந்த வாய் மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது. அதுவும் ஒரே ஒரு நாளில் இருந்த வாய். அதைச் சொன்னால் அந்த நாளையும் சொல்லவேண்டும்.

என் மகள் ஆரணிக்கு இப்போது பத்தொன்பது வயது. பதின்மூன்று வயதில் ஒருநாள், பள்ளிக்கூட வாசலுக்குக் காரைக் கொண்டுவராமல் முன்சந்தியிலேயே தன்னை இறக்கிவிடும்படி சொன்னாள். காருக்குள் கறி மணக்கிறதாம், கூட்டாளிகள் பார்ப்பார்களாம். என் கணவர் கொதித்துப்போனார். நான் அடுத்தநாள் முன்சந்தியிலேயே நிறுத்தினேன். அவளை ஏச எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

4

லீவுப் படிவத்தில் நோய், மரணம், கலியாணம் என்று எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது, அண்ணனின் ஓவியக் கண்காட்சிக்கு இல்லை. 'மற்றவை' என்பதில் புள்ளடி போட்டு, என் அண்ணன் பெரிய ஓவியர் என்று தேவையில்லாமல் கீழே எழுதியும் விட்டேன். அதை வாசித்த மேற்பார்வையாளர் எழும்பி வந்து கைகொடுத்தார். ஆரணியும் வருகிறேன் என்றாள். நான் வற்புறுத்தவில்லை. மாமாவின் படங்களை அவள் தன் கூட்டாளிகளுக்கெல்லாம் காட்டியிருக்கிறாள்.

பரந்தன் சந்தியில் பஸ்ஸால் இறங்கினோம். தரிப்பிடத்துச் சுவரில் அண்ணையின் முகம். அவரே தன்னைக் கீறிய படம், கீழே பெயர், இரண்டு பக்கமும் எரிகிற குத்துவிளக்கு. எங்கள் ஊரில் ஒரு ஆளின் முகத்துக்கு இரண்டு பக்கமும் விளக்கு வைத்து ஒட்டினால் அது கண்ணீர் அஞ்சலி. வேறொன்றும் இல்லை. பக்கத்தில் போய் வாசித்த பிறகுதான் அது கண்காட்சி அறிவித்தல் என்று தெரிந்தது. வருஷம் முழுக்க மரண அறிவித்தலே அடித்துப் பழகிய அச்சகக்காரர், முகத்தைக் கண்டதும் கைப்பழக்கத்தில் விளக்கையும் போட்டிருக்கிறார். 'பிற்கால உருவப்படங்கள்' என்ற தலைப்பில் இருந்த 'பிற்கால' என்ற சொல்லும் ஆள் போய்ச் சேர்ந்த மாதிரித்தான் ஒலித்தது.

கண்காட்சி நடந்தது சந்திக்குக் கிட்ட ஒரு பழைய நெல் களஞ்சியத்தில். வாசலில் சனம். வெள்ளை வேட்டியோடு வந்தவர்கள், உழவு இயந்திரத்தில் ஏறி வந்தவர்கள், தலைமுடியை முடியாமல் வந்த இரண்டு பெண்கள். உயரமான கிழவர் ஒருவர் நேரே உள்ளே வந்து, எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று விசாரித்தார். அவர் விசாரித்தது அண்ணையிடமே. அண்ணை தோளில் சீலைத்துண்டோடு ஏணியில் நின்றுகொண்டு, "இப்போதைக்கு எடுக்கிற யோசனை இல்லை ஐயா, வந்தனீங்கள் படத்தைப் பாத்திட்டுப் போங்கோ" என்றார். கிழவர் முதலில் ஏசினார், பிறகு சிரித்தார், பிறகு ஒரு படமும் விடாமல் பார்த்தார். ஆரணி அவரிடம் போய், நீ தண்ணி குடிக்கிறியா என்று கேட்டாள். நோர்வேயில் பிரதமருக்கும் 'நீ'தான். நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். கிழவர் குடிக்கிறேன் பிள்ளை என்று வாங்கிக் குடித்தார்.

தான் செத்தால் எவ்வளவு சனம் வரும் என்று என் அண்ணை உயிரோடு இருந்தே பார்த்துவிட்டார். கூலிக்காரன் மகன், தோட்டக்காட்டான் என்று ஒருகாலத்தில் பின்னால் கூப்பிட்ட சனமும் அதற்குள் நின்றது. அழுது வந்தவர்களில் ஒருவர்கூட உடனே திரும்பிப் போகவில்லை.

5

உள்ளே கட்டப்படங்கள் முப்பத்தெட்டு. ஒவ்வொன்றுக்கும் கீழே அண்ணை ஒரு நீள மர வாங்கு போட்டிருந்தார், கொண்டுவருகிற மாலையை அதில் வைக்கச் சொல்லி. படத்துக்குப் போட்டால் கட்டம் மறைந்துவிடுமாம். மல்லாவியில் இருந்து வந்திருந்த அந்த முதல் பெண், தன் வீட்டுப் படத்தை இரவலாகக் கொண்டுவந்து கொடுத்து, அதற்குக் கிட்டக் கதிரை போட்டு இருந்தார். வருகிறவர்களுக்கெல்லாம் காதைக் காட்டினார். சனம் படங்களைப் பார்த்த விதத்தைத்தான் நான் பார்த்துக்கொண்டு நின்றேன். முழு முகத்தை யாரும் பார்க்கவில்லை. தாங்கள் சொன்ன கட்டத்தைத் தேடினார்கள். கண்டதும் அதற்கு நேரே போய் நின்றார்கள்.

கடைசிச் சுவரில் அம்மா. இருபத்துமூன்று கட்டம் நிறைந்து, வாயிருக்கும் இடத்தில் வெறும் பலகை.

அதற்கு முன்னால் ஒரு பல்கலைக்கழக விரிவுரையாளர் நின்று பேசிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர், நல்ல தமிழ். பேச்சு மறுக்கப்பட்ட ஒரு சமூகத்தின் மௌனத்தை ஓவியர் இந்த வெறுமையில் வைத்திருக்கிறார் என்றார். தேயிலைத் தோட்டத்தில் தொடங்கி வன்னி வரைக்கும் வாய் இல்லாமல் வாழ்ந்த பெண்களின் வரலாறு என்றார். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். சிலர் கைத்தொலைபேசியில் படம் எடுத்தார்கள். அண்ணை ஒரு மூலையில் நின்று காதைச் சொறிந்தார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

பாக்கியம் அக்காதான் பொறுக்கமாட்டாமல், அம்மாவின் பெயரைச் சொல்லியே கேட்டார். "ஆர், காத்தாயி அக்காவோ மௌனம்? நித்திரையிலயும் வாய் மூடாத மனிசி அவா. தண்ணி திறக்க மாட்டன் எண்ட அதிகாரியை வாய்க்கால்ல இறக்கிவிட்டு ஏசினவ."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் சொன்னது முழு உண்மை. அம்மாவின் குரல் மூன்று வயல் தாண்டிக் கேட்கும். யாரும் ஒரு சொல் சொன்னால் அம்மா ஒன்பது சொல் திருப்பிச் சொல்வார். அந்த மனுஷியை இத்தனை சனத்துக்கு முன்னால் ஊமையாக நிற்கவைத்திருப்பது வரலாறு இல்லை, நான். என்னுடைய கோழைத்தனத்தை ஒரு படித்த மனிதர் இவ்வளவு அழகாக விளங்கப்படுத்துகிறார். இனியும் பொறுத்துக்கொண்டு நின்றால் நான் மனுஷி இல்லை.

"அண்ணே," என்றேன். வீட்டுக்குள் கூப்பிடுகிற மாதிரித்தான் வந்தது. "பெயிண்ட எடுங்க. நான் சொல்றேன்."

6

கேட்கிறவர் கேட்கட்டும் என்று அண்ணை யாரையும் விலகச் சொல்லவில்லை. பெயர்ப்பலகைக்கு அடிக்கிற இனாமல் பெயின்றில் மூன்று சின்ன டின்களைத் திறந்தார். ஒரு முக்காலியில் ஏறி இருந்தார். எப்போதும் சொல்பவர் சொல்லத் தொடங்கும்போதே அவரும் தொடங்குவார். ஆரணி என் பக்கத்தில் வந்து நின்றாள். அவளுக்கு விளங்கவேண்டும் என்று மெதுவாகவே சொன்னேன்.

பதின்மூன்று வயது. கிளிநொச்சியில் பெரிய பள்ளிக்கூடம். அன்றைக்குக் கணிதப் பரீட்சை. நான் கொம்பாசுப் பெட்டியை வீட்டில் விட்டுவிட்டு வந்துவிட்டேன். மணி அடிக்கமுதல் வாசலில் அம்மா நிற்கிறார். மிளகாய் பிடுங்கிக்கொண்டிருந்தவர் அப்படியே அண்ணையின் சைக்கிளில் ஏறி வந்திருக்கிறார். தலையில் துணி, ஏற்றிச் செருகிய சேலை, இரண்டு மூக்குத்தி, கையில் என் கொம்பாசுப் பெட்டி. என்னோடு ஐந்து கூட்டாளிகள். அதில் ஒருத்தி, இவ ஆர் என்று கேட்டாள்.

"எங்கட வீட்டில வேலை செய்யிறவ எண்டு சொன்னனான்," என்றேன். "அம்மாவுக்குக் கேட்கத்தக்கதாச் சொன்னனான்."

விரிவுரையாளர் நிலத்தைப் பார்த்தார்.

அம்மா சின்ன வயதில் தோட்டத்துத் துரை பங்களாவில் வேலைக்கு நின்றவர். வேலைக்காரி எப்படி நிற்கவேண்டும் என்று அவருக்குத் தெரியும். ஒரு அடி பின்னால் போய், பெட்டியை இரண்டு கையாலும் நீட்டி, "இந்தாங்க பாப்பா. நல்லா எழுதுங்க. நான் போயிட்டு வாரேங்க" என்றார். என்னைக் காப்பாற்றத்தான் அப்படி நின்றார். பின்னேரம் வீட்டுக்குப் போனபோது பரீட்சை எப்படி என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு சாகும்வரைக்கும் ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டவில்லை. ஒரு சொல்லுக்கு ஒன்பது சொல் திருப்புகிற மனுஷி.

அந்த நேரத்து வாயைத்தான் எனக்குத் தெரியும் என்றேன். வெற்றிலைச் சிவப்பு. கீழுதட்டின் இடதுபக்கம் பல்லுக்குள் கடிபட்டிருந்தது. நெல்மூட்டையைத் தலைக்குத் தூக்கும்போது அப்படிக் கடிப்பார். வலதுபக்கம் மட்டும் சிரித்தது. அது நடிப்புச் சிரிப்பு இல்லை என்பதுதான் நாற்பது வருஷமாக என்னை நித்திரைகொள்ள விடாதது என்றேன்.

அண்ணை தூரிகையை நிறுத்தவில்லை. வலதுபக்க உதட்டை முடித்துவிட்டுத்தான் பேசினார்.

"நான் றோட்டுக்கு அங்கால சைக்கிளோட நிண்டனான். எனக்கு ஒண்டும் கேட்கேல்லை. ஆனா திரும்பி வரேக்க அம்மா கரியர்ல இருந்து வழி முழுக்க ஒரே கதை. 'நம்ம புள்ள ராசாத்தி மாதிரி நிக்கிதுடா. ஒரு பயலுக்கும் தெரியாது இது கூலிக்காரி பெத்ததுன்னு' எண்டு. எனக்கு அப்ப விளங்கேல்லை ஏன் அப்பிடிச் சொன்னவ எண்டு. அவாவுக்கு அண்டைக்குச் சரியான புளுகமும் சந்தோசமும், சரோஜா."

நான் நிலத்தில் இருந்துவிட்டேன். இத்தனை வருஷமாக நான் அழுதது ஒன்றுக்கு, அம்மா சிரித்தது வேறொன்றுக்கு. பாக்கியம் அக்கா என் முதுகைத் தடவினார். ஆரணி குனிந்து என் கையைப் பிடித்து எழுப்பினாள். பிறகும் கையை விடவில்லை.

வாய் வந்துவிட்டது. மூக்கோடும் தாடையோடும் கொஞ்சமும் பொருந்தாத வாய். பாரத்தைத் தூக்கிக்கொண்டு சிரிக்கிற வாய். அண்ணை சின்னத் தூரிகையை எடுத்துக் கட்டத்தின் மூலைக்குக் கொண்டுபோனார். மற்றக் கட்டங்களில் பெயர் எழுதியிருந்தது, பாக்கியம், இன்ன கடைக்காரர் என்று. என்ன எழுத என்று கேட்டார், சரோஜா என்றா, நோர்வேத் தங்கச்சி என்றா?

"மகள் எண்டு எழுதுங்கோ," என்றேன்.

எழுதினார். ஈரம் காய முதலே சனம் கிட்ட வந்து பார்க்கத் தொடங்கிவிட்டது. கண்காட்சி முடிகிற மட்டும், நான்கு நாளும், நான் அந்தச் சுவரை விட்டு அசையவில்லை. வந்து கேட்டவர்களுக்கும், ஒன்றும் கேட்காமல் தாண்டிப் போனவர்களுக்கும், இது என்ர அம்மா என்று சொன்னேன்.